மூன்று சுற்றுக் கயிறு

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு கயிற்றுத் துண்டு இருக்கிறது. மஞ்சளும் சிவப்புமாக முறுக்கிய கோயில் கயிறு. என் மாமனார் பல்லால் கடித்து அறுத்தது. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சில்லறைக்குப் பையைத் துழாவும்போது அது விரலில் படும். அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரும்.

அன்றைக்கு எனக்கு அரசு வேலைக்கான தேர்வு. மையம் திருவண்ணாமலையில். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அந்த வருஷம் போச்சு. எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கம். பௌர்ணமி வேறு, பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கணவருக்கு வெளியூரில் வேலை. மாமாவின் பழைய மோட்டார் சைக்கிளை விட்டால் கதியில்லை. அத்தை விடியற்காலையிலேயே எழுந்து, "மருமக பரிட்சைக்குப் போற வண்டி, ஒரு தடையும் வரக் கூடாது" என்று வேண்டிக்கொண்டு, அம்மன் கோயில் கயிற்றை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, ஹேண்டில்பாரின் வலப்பக்கம் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்.

ஏரிக்கரை வளைவில் வண்டி நின்றது. மணி எட்டு. மாமா இறங்கி, டேங்கைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பெட்ரோல் ஜாஸ்தியாவே கீது." ஸ்டாண்டு போட்டார். பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் முனையைத் தேய்த்து, என்ஜின் மேல் வைத்துக் கிக்கரை உதைத்தார். நீலப் பொறி பளிச்சென்று வந்தது. "பொறி நல்லாத்தானே வருது, அப்புறம் இன்னா கேடு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு மாட்டினார். வண்டி கிளம்பியது. இரண்டு கிலோமீட்டர் போய் இன்னொரு வளைவில் மறுபடி நின்றது. மறுபடி பிளக், மறுபடி நீலப் பொறி. அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷர். ஒவ்வொரு தடவையும் பிளக்கைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் மாட்டுவார். எனக்குப் பொறுக்கவில்லை. "இந்த ஓட்டை வண்டிய எப்பவோ இரும்புக் கடைல போட்டிருக்கணும் மாமா" என்று கத்திவிட்டேன். அவர் பிளக்கை மாட்டிவிட்டுக் கிக்கரை உதைத்தார்.

திருவண்ணாமலை எல்லையில் கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸ் தடுப்பு போட்டு, வண்டிகளை இடப்பக்கச் சந்துக்குள் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா திருப்பினார், வண்டி நின்றது. மணி எட்டு நாற்பத்தைந்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மாமா, மூணு தடவையும் லெஃப்ட்ல திருப்பினப்பதான் நின்னுச்சு!" அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நின்ற இடத்திலேயே கிளப்பி, ஹேண்டில்பாரை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். அணைந்தது. நேராக்கி உதைத்தார். ஓடியது. குனிந்து கயிற்றுக்கு அடியில் பார்த்தார்.

என்ஜினை அணைக்கிற சுவிட்சின் ஒயர் அந்தக் கயிற்றுக்குள் மாட்டியிருந்தது. பழைய ஒயர், தோல் வெடித்திருந்தது. இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் அது இழுபட்டு, உள்கம்பி இரும்பில் பட்டுச் சுவிட்சைப் போடாமலே என்ஜினை அணைத்தது. ஸ்டாண்டில் நேராக நின்றால் விலகிவிடும், அதனால்தான் பொறி வந்தது. முடிச்சு அவிழவில்லை. மாமா குனிந்து பல்லால் கடித்தார்.

அதன் பிறகு வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. என்ன பிரயோசனம்? நாங்கள் போனபோது ஒன்பதாகி மூன்று நிமிஷம். யாரிடமும் பல்லைக் காட்டாத மாமா, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என் வண்டி மேலதாங்க, பொண்ணு மேல இல்லீங்க" என்று கெஞ்சினார். கேட் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து கயிற்றை எடுத்து என் கையில் வைத்தார். "சாமி கயிறு, ரோட்டுல போடக் கூடாது. என் பையில இருந்தா துவைக்கறப்ப பாத்துடுவா. நீயே வச்சுக்கம்மா. உங்க அத்தைகிட்ட மூச்சு விடாத. ஆசையா கட்டினா. தெரிஞ்சா அவளுக்குச் சோறு எறங்காது."

வீட்டில் மாமா அத்தையிடம், பிளக் போய்விட்டது, கயிறு வழியில் அறுந்து விழுந்துவிட்டது என்றார். அத்தை பேசிய பேச்சு இருக்கிறதே! அடுத்த வருஷம் நான் எழுதித் தேறி, வேலைக்கும் சேர்ந்தேன். அப்போதும் அத்தை ஓயவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இந்த மனுஷன் வண்டி எம் மருமகளோட ஒரு வருஷத்தத் தின்னுடுச்சு" என்பார். மாமா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். நான் கத்தியதற்கு அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. அது இன்னும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் ஸ்கூட்டி வாங்கினேன். அத்தை மஞ்சள் தண்ணீரும் கயிறுமாக வந்து நின்றார். "ஹேண்டில்ல வேணாம் அத்தை, கண்ணாடிக் கம்பியில கட்டுங்க" என்றேன். மூன்று சுற்றுச் சுற்றி முடிந்துகொண்டே, "உங்க மாமா வண்டிக்கும் இப்படித்தான் கட்டினேன். கயிறு இன்னா பண்ணும், அது ஓட்டை வண்டியாச்சே" என்றார்.

சாவியை எடுக்கப் பைக்குள் கையை விட்டிருந்தேன். அந்தத் துண்டு விரலில் பட்டது.

"ஆமாம் அத்தை," என்றேன். "ஓட்டை வண்டிதான்."