வெள்ளிக்கிழமை நடுத்துண்டு

மீன் என்றால் எனக்கு உயிர். அந்த உயிரை ஐந்து தவக்காலம் அடக்கி வைத்திருந்தேன். கல்யாணமான முதல் வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் வெள்ளி ஒன்றில், எரியோட்டில் அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் இரண்டு துண்டு மீன் தின்றுவிட்டேன். கோயிலில் விலக்கச் சொன்னது கறியைத்தானே, மீனை இல்லையே என்று வாதாடிப் பார்த்தேன். என் மாமியாரிடம் அது எடுபடவில்லை.

"கவிச்சின்னா கவிச்சிதான். அந்த ரெண்டு துண்டுதான் ஒன் வயித்த அடைச்சிருச்சு" என்றார் அத்தை. அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

அதற்குப் பிறகு பிள்ளை தங்காத ஒவ்வொரு மாதமும் அந்த இரண்டு துண்டும் எழுந்து வந்தன. தினமும் சாயங்காலம் செபமாலை முடிந்ததும் அத்தை சத்தமாக ஒரு வேண்டுதல் வைப்பார். "மருமக செஞ்ச பாவத்த மன்னிச்சு, அவ வயித்தத் தெறந்து விடு மாதாவே." என் கணவர் குனிந்தபடி ஆமென் சொல்வார். நானும் சொல்வேன். அதை நம்பவும் செய்தேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வீடு சேவுகம்பட்டிப் பக்கம். வத்தலக்குண்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு டிபன் பாக்ஸில் தயிர் சாதமும் நார்த்தங்காயும். அந்த வருடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மீன் கடை வந்தது. கொடைக்கானல் ஓட்டலில் மாஸ்டராக இருந்தவர் இறங்கிவந்து போட்ட கடை. கட்லா வறுவலோடு மலை உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்குச் சீவிப் பொரித்து வைப்பார். ஊரே அதை சிப்ஸ் மீன் கடை என்றது. வாசம் எங்கள் இன்ஸ்டிடியூட் மாடி வரைக்கும் ஏறிவரும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தயிர் சாதம் தின்பேன்.

அன்றைக்கும் தவக்கால வெள்ளி. காலையில் நான் கிளம்பும்போது, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைப் பார்த்து, "மாடுகூட வருசத்துக்கு ஒண்ணு ஈனுது" என்றார் அத்தை. மத்தியானம் வரைக்கும் அது காதிலேயே நின்றது. தின்னாமல் இருந்து என்னத்தைக் கண்டோம் என்று ஒரு ஆத்திரம். டிபன் பாக்ஸை மேசையிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று, பெண்களுக்காகத் திரை போட்டிருந்த பக்கம் போய்த் திரையை விலக்கினேன்.

உள்ளே அத்தை உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிதோறும் கோயிலில் பன்னிரண்டு மணிச் சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு என்று வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறுகிறவர். மடியில் செபமாலை. இலையில் பாதி தின்ற மீன். உதட்டோரம் ஒரு முள். என்னைக் கண்டதும் அந்த முள்ளை எடுக்கக்கூட அவருக்குக் கை எழவில்லை.

பரிமாறுகிறவர் இன்னொரு துண்டைக் கொண்டுவந்து வைத்தார். "எப்பவும் போல நடுத்துண்டும்மா. இவங்க ஒங்க மகளா?"

எப்பவும் போல! எதிரில் பொத்தென்று உட்கார்ந்தேன். அவர் போனதும் அத்தை அந்தத் துண்டை என் பக்கம் தள்ளினார்.

"சாப்புடுத்தா. வீட்டுல சொல்லிராத."

"அப்ப என் வயித்த அடைச்சது எந்த மீனு, அத்தை?" என்றேன்.

அத்தை திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மீனும் இல்ல, நீயும் இல்ல. எம் மகனுக்குப் பதினேழு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்து கீழயும் எறங்கிருச்சு. புள்ள பொறக்குறது சந்தேகந்தான்னு டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு. ஆம்பளப் புள்ளய ஊரு பேசக் கூடாதுல்ல?"

அவர் மகனைப் பேசக் கூடாது. என்னைப் பேசலாம். செய்யாத பாவத்துக்கு ஐந்து வருடம் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியாமல் அந்த நடுத்துண்டைப் பிட்டு வாயில் போட்டேன். வெட்கங்கெட்ட நாக்கு, ருசியாக இருக்கிறது என்றது.

சாயங்காலம் செபமாலை முடிந்தது. வேண்டுதலுக்கு வாய் திறந்த அத்தை என்னைப் பார்த்தார். செபமாலையைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"என்னம்மா, மறந்துட்டீங்களா?" என்றார் என் கணவர்.

"மறக்கல. நாந்தான் எனக்காக வேண்ட வேணாம்னுட்டேன்" என்றேன். "இன்னையிலருந்து ஒங்க மகனுக்காக வேண்டிக்கங்க, அத்தை."

ஏன் என்று என் கணவர் கேட்பார் என்று காத்திருந்தேன். பாவம், அவருக்குத் தெரியாதே, எப்படிச் சொன்னால் வலிக்காது என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. குனிந்தபடியே ஆமென் என்றார்.