பாயிழுத்து வாறார்

மதினியின் குசினிக் கூரையில் ஒரு நீலத் தார்ப்பாய்ப் படங்கு கட்டியிருக்கிறது. கடற்காற்று எழும்பினால் அது ஊதிப் படபடக்கும்.

முன்பு அதுதான் என் காக்காவின், என் அண்ணனின், படகுப் பாய். சாய்ந்தமருதுக் கரையில் எல்லாப் படகுகளுக்கும் இஞ்சின் வந்து, பாய்மரங்கள் அடுப்புக்குப் போன பிறகும், காக்கா மட்டும் தன் சின்னப் படகில் அந்தப் படங்கைச் சுருட்டி வைத்திருந்தார். இஞ்சின் நின்றால் துடுப்பில் கட்டி, காற்றைப் பிடித்துக் கரைக்கு வருவார். நேரமாகும், ஆனால் வந்து சேருவார். அதனால் எங்கள் ஊரில் சுணங்குகிற எதற்கும் ‘பாயிழுத்து வருது’ என்பார்கள். கொழும்பு பஸ்ஸுக்குச் சொல்வார்கள், பிந்துகிற மாப்பிள்ளைக்குச் சொல்வார்கள். புரியாணிச் சட்டிக்குச் சொன்னவன் நான்.

ஒருமுறை வேடிக்கை பார்க்க அவரோடு கடலுக்குப் போனேன். நடுவில் இஞ்சின் நின்றது. ஐஸ் பெட்டி மிதக்கும் என்று நம்பி, மீன் நிறைந்த அந்தப் பெட்டியோடு என் இடுப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு உரக்கக் கலிமா சொன்னேன். காக்கா திரும்பிப் பார்த்தார்.

“மீனோட சேத்து உன்னையும் ஏலத்துல விடவா? அந்தக் கயித்தக் கழட்டித் தாடா. பாய்க்குக் கயிறு காணாது.”

கரை தெரிந்ததும் நான்தான் படகை ஓட்டி வந்தவன்போல எழுந்து நின்றேன்.

இந்தமுறை காக்கா ஒலுவில் துறைமுகத்திலிருந்து பெரிய ஆழ்கடல் படகொன்றில் போனார். போகுமுன் மழை ஒழுகுகிறதென்று படங்கைக் குசினிக் கூரையில் இழுத்துக் கட்டினார். புது இஞ்சின், பாய் எதற்கு என்று சிரித்தார். கூடப்போன படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன. இஞ்சின் நின்றுவிட்டது என்று வயர்லெஸ்ஸில் காக்காவின் படகு சொன்னதாம். பிறகு சத்தமில்லை. நோன்பும் வந்து பெருநாளும் கழிந்துவிட்டது. போன் அடித்தால் அவசரமாக எடுக்கப்போய் அது சோற்றுக்குள் விழுகிறது. எடுத்துத் துடைத்துக் காதில் வைத்தால் போன் கம்பனியின் ரீலோட் விளம்பரம். பள்ளிவாசலிலும் சந்தையிலும் ஆட்கள் என் தோளைத் தொட்டு, ‘பாயிழுத்து வாறார்’ என்கிறார்கள். இத்தனை காலம் சிரிப்பதற்கிருந்த சொல்லை இப்போது யாரும் சிரிக்காமல் சொல்கிறார்கள்.

நேற்று மதினி குசினியில் தேநீர் ஊற்றித் தந்தார்.

“உங்கட காக்கா பாயிழுத்துத்தான் வாறார் தம்பி. கொஞ்சம் சுணங்கும்.”

சொல்லும்போது அவர் மேலே பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எந்நேரமும் பகிடி விடுகிற என் வாய், “ஓம் மதினி” என்று மட்டும் சொன்னது. காற்று எழும்பியது. தலைக்கு மேலே படங்கு நன்றாகக் காற்றைப் பிடித்துப் புடைத்தது. காக்கா போட்ட முடிச்சுகளில் ஒன்றுகூட அவிழவில்லை. வீடு நின்ற இடத்திலேயே நின்றது.