நோரிஸின் மூன்றாவது பீப்பாய்

நோரிஸ் டனிகிளிஃப் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இங்கிலாந்தின் டட்பரி ஊரில் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். எழுபத்திரண்டு வயதில், பழைய பண்ணைவீட்டுக் குறிப்பேடு ஒன்றைப் பார்த்து, இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அக்டோபர் பியரைக் காய்ச்ச ஆரம்பித்தார். ஒயின் அளவுக்கு வீரியம் உள்ளது அது. அக்டோபரில் காய்ச்சி, ஓக் பீப்பாயில் இரண்டு கோடை போட்டுவைக்க வேண்டும்.

இரண்டு முறை தோற்றார். இரண்டும் பாகு மாதிரி தித்தித்தன. வீட்டில் பியர் காய்ச்சுகிற எல்லோரையும் போல அவரும் முதல் வேலையாகப் பீப்பாயைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவிவிடுவார். மரத்துக்குள் குடியிருக்கும் காட்டு ஈஸ்ட்தான் அந்த இனிப்பை மெல்லத் தின்ன வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. மூன்றாம் முறை வேறொரு பழைய பீப்பாய் வாங்கி, வெந்நீரில் அலசுவதோடு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஜூலையில், நோரிஸ் போகும் பியர் காய்ச்சுகிறவர்கள் கிளப்பைச் சேர்ந்த டென்னிஸ் என்பவன் வந்து தக்கையைத் திறந்தான். மேலே ஆறிய பாலில் படிவது போல வெள்ளை ஆடை.

“செத்துப்போச்சு பெருசு. குதிரை லாயம் மாதிரி நாறுது. பேசாம சாக்கடைல ஊத்து.”

“ஊத்திட்டா மறுபடி ரெண்டு வருஷம் உக்காரணும். எனக்கு எழுபத்தேழுடா. நீயா எனக்குப் பதிலா குடிப்பே?”

“இதையா? என் வீட்டு ரோஜாச்செடிக்குக்கூட ஊத்த மாட்டேன்.”

அவன் போனதும் நோரிஸ் பீப்பாயைத் தள்ளுவண்டியில் சாக்கடை வரை கொண்டுபோனார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பீப்பாயைச் சாய்க்கப் போய் நிறுத்தினார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயை ஆடைக்குக் கீழே விட்டு உறிஞ்சினார். முகம் சுளித்தது. இன்னொரு முறை உறிஞ்சினார்.

“என்ன நோரிஸ்?” என்றேன்.

“புளிக்குது. ஆனா தித்திப்பு பாதிதான் இருக்கு. உள்ள என்னமோ வேலை செய்யுது.”

தக்கையை அடைத்து, வண்டியைக் கொட்டகைக்கே திருப்பினார்.

மறு வருடம் அக்டோபரில் கிளப்பில் ஊற்றினார். கருஞ்சிவப்பு. தித்திப்பு போய், பதனிட்ட தோலும் காய்ந்த செர்ரியும் கலந்த மணம். டென்னிஸ் ஒரு கிளாஸை முக்கால் மணி நேரம் குடித்தான்.

“பீப்பா காலியானா எனக்குக் குடு பெருசு. அப்படியே குடு, கழுவாதே.”

“முடியாது. ஞாயித்துக்கெழம நான் காய்ச்சுறேன்.”

“எழுபத்தெட்டுலயா?”

“காய்ச்ச பார்லி மால்ட் வாங்கியாச்சு” என்றார் நோரிஸ்.