மஜெல்லா மனப்பாடம் செய்த பட்டியல்கள்

மஜெல்லா டூமி அயர்லாந்து ரக்பி அணிக்காகப் பதினோரு ஆட்டம் ஆடியவள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அதே ஆட்கள்தான் அந்தக் காலத்தில், "பொம்பளப் புள்ளைங்க சேத்துல பொரள டப்ளின் வரைக்கும் போகணுமா? எங்க வயல்லயே பொரளலாமே" என்று கிண்டலடித்தவர்கள். ஊர் அப்படித்தான். எனக்கு ஊர்மேல் கோபமில்லை. கோபமெல்லாம் என்மேல்தான்.

அவள் முதன்முதலாக எங்கள் ஊர்ப் பெண்கள் கிளப்பில் பயிற்சிக்கு வந்தபோது வயது இருபத்திரண்டு. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நாற்பத்தாறு கறவை மாடுகளும் அம்மாவும் அவள் பொறுப்பு. சாயங்காலக் கறவையை முடித்துவிட்டு ரப்பர் பூட்ஸும் சாண வாடையுமாக நேரே மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

"யாருடீ இவ, மாட்டையும் கூட்டிட்டு வந்துட்டாளா?" என்றேன். அணியில் வாயாடி நான்தான்.

"மாட்டையே தள்ளிக் கட்டறவ நான். ஒன்னத் தள்ள எவ்ளோ நேரம் ஆகும்?" என்றாள்.

தள்ளியும் காட்டினாள். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்து முட்டும் ஸ்க்ரம்மில், முன்வரிசையில் அவள் நின்றால் எங்கள் பக்கம் ஓர் அடிகூடப் பின்வாங்காது. பின்னாலிருந்து பந்தை எடுத்து வீசுவது என் வேலை. அவள் தள்ளத் தள்ள எனக்குத்தான் நல்ல பெயர் கிடைத்தது.

தலையில் அடிபட்டால் கிளப் டாக்டர் ஓரமாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வார். தடுமாறினால் மூன்று வாரம் ஆட முடியாது. அதற்குள் தேர்வாளர்கள் வேறொருத்தியைப் பிடித்துவிடுவார்கள். எங்களுக்குச் சம்பளமா, சலுகையா, ஒன்றும் கிடையாது. அணியில் அந்த இடம் ஒன்றுதான் எங்கள் சொத்து.

அவரிடம் இருந்த சொற்பட்டியல்கள் மொத்தமே ஆறு. ஒருநாள் உடைமாற்றும் அறையில் அந்த ஃபைலை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் பள்ளிக்கூட டீச்சர். மறுநாள் காலையில் பள்ளி ஜெராக்ஸ் இயந்திரத்தில் பதினைந்து பிரதி எடுத்துக்கொண்டு ஃபைலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். நன்றி வேறு சொன்னார் மனிதர். பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக எங்களுக்குள் ஒரே சிரிப்பு.

மற்றவர்கள் மேலோட்டமாகப் படித்தார்கள். மஜெல்லா கறவைக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைத்து, ஜெபமாலை சொல்லும் ராகத்தில், மாத வரிசையையும் சேர்த்து, தினம் இருவேளை ஒப்பித்தாள்.

"என்னம்மா யூனா, மாட்டு நடுவுல நின்னுகிட்டு தேன், சுவர், குதிரைன்னு முணுமுணுக்கறா? எந்தப் புனிதருக்கு இந்த ஜெபம்?" என்று அவள் அம்மா டூமியம்மா கேட்டார்.

"ஆட்டத்துக்கான பாடம், டூமியம்மா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை பாருங்கள்.

அவளுக்கு இருபத்தெட்டு வயதில் தேசிய அணியிலிருந்து அழைப்பு வந்தது. முதல் ஆட்டம் அடுத்த சனிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு எங்கள் கிளப் ஆட்டத்தில், எதிரணிக்காரி ஒருத்தியின் முழங்கால் மஜெல்லாவின் நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்தவள் எழுந்தாள். ஓடிப் போய்ப் பிடித்தேன். கண் என்மேல் நிற்கவில்லை.

"யூனா, அப்பா வந்துட்டாரா? வண்டிய எங்க நிறுத்தினாரு?" என்றாள்.

அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். ஐந்து சொற்களைக் கேட்டார். அவள் கடகடவென்று ஒப்பித்தாள். மாதங்களும் பிசகவில்லை. புத்தி எங்கோ போயிருக்க, வாய் மட்டும் பழகின பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார்.

"நீ பக்கத்துல இருந்தியே யூனா. ஏதாச்சும் மாறிப் பேசினாளா?"

மஜெல்லா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். சனிக்கிழமை அவளுக்கு நினைவிருந்ததோ என்னவோ, எனக்கு இருந்தது.

"இல்ல டாக்டர். நல்லாத்தான் இருக்கா."

சனிக்கிழமை ஆடினாள். அயர்லாந்துக்கு முதல்முறை ஆடுகிறவர்களுக்குத் தரும் குஞ்சம் வைத்த தொப்பியோடு ஊர் திரும்பினாள். நாற்சந்தியில் சொக்கப்பனை கொளுத்தி வரவேற்றார்கள். அந்த வெளிச்சம் தாங்காமல் கண்ணைப் பொத்திக்கொண்டு வேலிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். கேட்டவர்களிடம் "சந்தோஷத்துல குடிச்சுட்டா" என்றேன். அன்று அவள் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை.

அதற்குப் பிறகு நான் அறிந்து இன்னும் நான்கு முறை அடிபட்டாள். நான்கு முறையும் பட்டியல்தான் அவளைக் காப்பாற்றியது. காப்பாற்றியது என்றுதான் அப்போது பேசிக்கொண்டோம். முப்பத்தொன்றில் தலைவலி தாங்காமல் ஆட்டத்தை விட்டாள். மருந்து ஊசி போட்ட மாட்டின் வாலில் சிவப்பு நாடா கட்டி, அதன் பாலைத் தனியாக ஊற்றுவது வழக்கம். நாடா கண்ணெதிரே இருந்தும் இரண்டு முறை அதையும் பொதுப் பால் தொட்டியில் கலந்துவிட்டாள். மொத்தப் பாலும் சாக்கடைக்குப் போனது. அந்த வருடமே மாடுகளை விற்றார்கள். ஏற்றிக்கொண்டு போன பிறகும் ஒரு வாரம் விடியற்காலையில் கொட்டகைக்குப் போய், மாடுகள் எங்கே என்று தேடியிருக்கிறாள்.

இப்போது நாற்பத்து மூன்று வயது. பகலிலும் திரை போட்ட அறை. எழுபத்தொன்பது வயது டூமியம்மா மகளுக்குக் கோட் பொத்தான் போட்டுவிட்டு சர்ச் பூசைக்குக் கூட்டிப் போகிறார். அதைப் பார்க்க முடியாமல்தான் நான் வேறு நேரப் பூசைக்குப் போகிறேன்.

போன மார்ச்சில் ஒருநாள் அவள் தெளிவாக இருந்தாள். டீயும் வெண்ணெய் தடவிய சோடா ரொட்டியும் முன்னால் இருந்தன. இனியும் அடக்க முடியாமல், அன்று டாக்டரிடம் நான் மறைத்ததைச் சொல்லிவிட்டேன்.

"அப்பா வந்தாரான்னா கேட்டேன்?"

"ஆமாடீ."

கோப்பையைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நீ சொல்லிருந்தேன்னா, சாகிற வரைக்கும் ஒன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"முழிக்காமப் போயிருப்பேன். அவ்ளோதானே?" என்றாள். "நீ சொல்லிருக்கணும் யூனா."

மாத்திரையும் தண்ணீருமாக டூமியம்மா வாசலில் நின்றிருந்தார்.

"யார்கிட்ட? என்னத்த சொல்லிருக்கணும்?"

மஜெல்லா, பதில் சொல்வது என் வேலை என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க டூமியம்மா" என்றேன்.