குழாயில் நின்ற தண்ணீர்

எங்கள் மின்சாமான் கடையில் அவனை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவோம். ஆளும் நெட்டை, தோளில் எப்போதும் ஒரு ஏணி. வேன் ஓட்டுகிறவன் நான். மேலே ஏறுகிறவன் அவன். ஊரில் பாதி குளியலறைகளுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியது அவன் கைதான். சரியான வாயாடி. ஒரு ஃபேன் மாட்டி இறங்குவதற்குள் அந்த வீட்டுக்காரர்களின் மூன்று தலைமுறைக் கதையைக் கறந்துவிடுவான்.

அவனுக்கு ஒரே அக்கா. தாய் போன பிறகு அவனை ஆளாக்கியவள். நாலு மாடிக் கட்டடத்தின் உச்சி மாடியில் வாடகைக்கு இருந்தாள். அவள் கணவரை நாங்கள் அத்தான் என்போம்; தபால் பிரிக்கும் வேலை பார்த்தவர், பேச்சு குறைவு. மகள் சலவைக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். அந்த வீட்டுக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. வெந்நீரைத் திறந்தால் போதும், சுவரெல்லாம் வியர்த்துக் கொட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போய் உட்கூரையில் ஃபேனை மாட்டினான். அதற்கு மேலே இருந்த இருட்டுப் பரணில் ஆவி வெளியேறப் பன்னிரண்டு அடிக்குச் சுருள்குழாயை இழுத்து, வெளிச்சுவரில் ஓட்டை போட்டு முனையை வெளியே விட்டான். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

குளிர்காலம் வந்து கூரையைப் பனி மூடியதும் ஃபேனிலிருந்து சொட்டத் தொடங்கியது. அக்கா அடியில் ஒரு வாளியை வைத்தாள்.

"டேய், உன் ஃபேன் ஒழுகுதுடா."

"ஃபேன் எப்படிக்கா ஒழுகும்? கூரையில பனி உருகி இறங்குது. வீட்டு ஓனர்கிட்ட சொல்லு."

ஓனர் ஆள் அனுப்பிக் கூரையில் தார் பூசினார். கோடையில் ஒழுகல் நின்றது. தார் வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பினோம். அடுத்த குளிரில் மறுபடி வாளி வந்தது, மறுபடி தார் வந்தது.

"ஒரு தடவை மேல ஏறித்தான் பாரேன்டா."

"பாக்குறேன்கா, பாக்குறேன்."

ஊரார் வீட்டுப் பரணெல்லாம் ஏறியவனுக்கு அக்கா வீட்டுப் பரணுக்கு மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில், ஒரு காலை, அவள் துணி அலச வாளியை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். திரும்பி வந்தபோது தரையில் தண்ணீர் பரவியிருந்தது கண்ணில் படவில்லை. வழுக்கி விழுந்ததில் பின்மண்டை தொட்டி விளிம்பில் அடித்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். நாலாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

அதுவரை அதிர்ந்து பேசாத அத்தான் வேறு மனிதராகிவிட்டார். ஓனர்மேல் புகார் எழுத உட்கார்ந்தார். கூரை ஓட்டையைப் படம் பிடித்துச் சேர்க்க வேண்டும் என்றார்.

"தம்பி, நீதான் ஏறணும். அவனை நான் சும்மா விடமாட்டேன்."

நானும் கூடப் போனேன். குளியலறையில் சாத்திய ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அத்தான் வாசற்படியில் நின்றார். அவன் டார்ச்சோடு பரணுக்குள் போனான். கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் பலகை கிறீச்சிட்டது. அப்புறம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

"என்னப்பா, ஓட்டை தெரியுதா?" என்று அத்தான் கேட்டார்.

திடீரென்று ஃபேன் வழியாகத் தண்ணீர் கொட்டியது. சொட்டெல்லாம் இல்லை, அரை வாளி இருக்கும். என் சட்டையெல்லாம் நனைந்தது. பனிக்கட்டி போலக் குளிர்ந்த தண்ணீர்.

அவன் இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று. தலையெல்லாம் ஒட்டடை. என்னைப் பார்க்கவில்லை.

"கூரையில ஓட்டை இல்ல அத்தான். பலகையெல்லாம் காய்ஞ்சு தூசி பறக்குது."

"அப்போ இந்தத் தண்ணி?"

"குழாய்ல நின்னது. தூக்கிப் பார்த்தேன், கொட்டிடுச்சு. நான் போட்ட குழாய். நடுவுல தொங்கிப்போய் வயிறு மாதிரி கிடக்கு. குளிக்கிற ஆவி அந்தக் குளிர்ல குழாய்க்குள்ளயே தண்ணியாகி, வயிறு ரொம்புனதும் திரும்பி இங்கயே வழியுது. குளிர் ஏறாம பஞ்சு சுத்தியிருக்கணும், வெளிப்பக்கமா சாய்ச்சிருக்கணும். நான் ரெண்டும் செய்யல."

அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கேகூடப் புரிந்திருக்காது.

அத்தான் என் காலடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார்.

"அவ உங்கிட்ட சொன்னாளா?"

"சொன்னா. மூணு வருஷமா சொன்னா."

அவர் உள்ளே போய், மேசைமேல் இருந்த புகாரை நாலாகக் கிழித்தார். "நீ போ," என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று ஏணி வேனில் உட்கார்ந்து சொன்னான். நான் வண்டியை எடுக்காமல் அப்படியே இருந்தேன்.

பத்து நாள் கழித்து அக்கா மகள் கடைக்கே வந்தாள்.

"மாமா, இன்னும் சொட்டுது. அப்பா அதுக்குக் கீழே நின்னுதான் ஷேவ் பண்றாரு. வந்து சரி பண்ணிக் குடுங்க."

"அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரா?"

"சொல்லட்டும். நான் இருக்கேன்ல."

போனோம். அத்தான் சமையலறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், திரும்பவே இல்லை. ஏணி பழைய குழாயைக் கழற்றிக் கீழே இறக்கினான். நேரான கெட்டிக் குழாய் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, வெளிச்சுவர் பக்கமாகச் சரித்தான். முழு நீளத்துக்கும் கண்ணாடிப் பஞ்சைச் சுற்றிக் கட்டினான். குளித்து முடித்த பின்னும் கால்மணி நேரம் ஃபேன் தானாக ஓடும்படி ஒரு சுவிட்சும் வைத்தான். பிறகு என்னையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, வெந்நீரைத் திறந்துவிட்டு, ஃபேனுக்கு அடியில் உள்ளங்கையை விரித்துப் பிடித்தபடி நின்றான். அரைமணி நேரம். ஒரு சொட்டு விழவில்லை.

அப்போதுதான் அழுதான். ஆவிக்குள் ஆள் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது.

"அரை நாள் வேலைடா. அரை நாள்," என்றான்.

அதற்குப் பிறகு அவனிடம் பழைய பேச்சு இல்லை. வீட்டுக்காரர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். தான் முன்பு மாட்டிய ஃபேன்களை நினைவுபடுத்திப் பார்த்து, ஒவ்வொரு வீடாகப் போய் "சொட்டுதா?" என்று கேட்டான். ஒன்பது வீட்டில் குழாயை மாற்றிக் கொடுத்தான். நான் வண்டி ஓட்டினேன்.

அக்கா போய் இரண்டாவது குளிர்காலம். ஒரு சாயங்காலம் அத்தான் கடைக்கு வந்தார். உதிரியாக ஒரு பல்ப் கேட்டார். ஏணி எடுத்து, எரிகிறதா என்று போட்டுக் காட்டி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அத்தான்."

சாப்பிட்டிருக்கவில்லை, காலையிலிருந்து நான் அவன்கூடத்தான் இருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். இப்போது மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு சின்னச் சாமான் வாங்குகிறார்.