சுவிட்ச் கொண்டுவந்த இரத்த ரிப்போர்ட்

எனக்கு எழுபத்தாறு வயது. நாலு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தேன். சண்டைக் காலத்தில் கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் தேநீர் போட்டேன். அங்கேயே என் கடைசி மகள் டெங்குவோடு கிடந்தாள். குண்டுப் புரளியால் ஆமிச் சிப்பாய்கள் லேப் வாசலை மூடிவிட, உள்ளே இருந்தவர்களால் அவளுடைய இரத்த ரிப்போர்ட்டை வெளியே கொண்டுவர முடியவில்லை. வார்டு கொம்பியூட்டரிலும் அது வரவில்லை.

கொம்பியூட்டர் பார்க்கும் யாழ்ப்பாணத்துத் தம்பியிடம், "லேப் கொம்பியூட்டர் வயரும் வார்டு வயரும் ஒரே சுவிட்ச் பெட்டிக்குத்தானே போகுது?" என்றேன்.

"ஓமம்மா, ஆனா உள்ளுக்கு வேற வேற வலையாப் பிரிச்சிருக்கு."

"எங்க தோட்டத்து லயத்துல, ஒரே கூரைக்குக் கீழ கோவிச்சுக்கிட்ட ரெண்டு வீடு மாதிரியா?"

"அதேதான்! இனி சுவிட்சே நடுவில நிண்டு கதை கடத்தோணும்."

உட்கார்ந்து அதற்கு வழி போட்டார். ரிப்போர்ட் வார்டுக்கு வந்தது, டொக்டர் உடனே மருந்தை மாற்றினார், மகள் பிழைத்தாள். விளக்கேற்றும்போதெல்லாம் அந்தத் தம்பிக்காகவும் கும்பிடுகிறேன்.

அப்ப பொழச்ச அவ பெத்த மகதானே நீ? நான் சொல்லச் சொல்ல எழுதினத வாசிச்சுக் காட்டு, கண்ணு.