வாற மாசச் சவுண்ட்பார்

மின்சாரச் சாமான் விற்பவனுக்குக் கடையில் இருக்கிற சாமானைப் பற்றித் தெரிந்தால் போதாது, இனி வரப்போகிற சாமானைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். அது ஒருவருக்கும் தெரியாது.

போர் முடிந்து, பாதைகள் திறந்து, கரையோர ஊர்களுக்கு ஒவ்வொன்றாகக் கரண்ட் வந்துகொண்டிருந்த காலத்தில் நான் ஓட்டமாவடியில் ஒரு கடையில் விற்பனையாளனாக இருந்தேன். கடை லாபிர் காக்காவுடையது; அந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஒரு பக்கம் நெல் வாங்குகிற கடை, மறுபக்கம் பொலன்னறுவை பஸ் நிற்கிற இடம். நீங்களும் எங்காவது ஒரு கடையில், ஒரு பொருளுக்கு முன்னால், இன்றைக்கே வாங்குவதா, இதைவிட நல்லது வரும்வரை பொறுப்பதா என்று தெரியாமல் வியர்த்து நின்றிருப்பீர்கள். அதே பொருளுக்குப் பின்னால் நின்று வியர்த்தவன் நான். இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம் என்பதால் உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நீட்டுப் பெட்டி

பழைய டீவிக்கு முதுகு பெருத்திருக்கும். ஸ்பீக்கர் முன்னால் இருக்கும். புதிதாக வந்த டீவிகள் சிலேட்டுப் போல மெலிந்துவிட்டன. ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் அதைப் பின்பக்கம் ஒளித்துவிட்டார்கள். டீவியில் பேசுகிறவர் சுவரோடு பேசுவார். சுவரில் பட்டு மிச்சம் வருவதை நாம் கேட்க வேண்டும். அதற்கு வைத்தியமாக வந்ததுதான் சவுண்ட்பார். பேக்கரியில் விற்கிற இரண்டு றாத்தல் பாணை, அதாவது ரொட்டியை, முனையோடு முனை வைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. டீவிக்குக் கீழே வைத்தால் பேச்சு நேரே நம் முகத்துக்கு வரும்.

அதை முதன்முதலில் நின்று கேட்டவர் பனிச்சங்கேணி யோகன் அண்ணன். வாவியில் வலை போடுகிறவர். மீன் கொடுக்க அடுத்த ஊரான வாழைச்சேனைக்கு வந்தால் எங்கள் கடைக்கும் ஒருமுறை வந்து போவார். அவருடைய மனைவி மலர் அக்காவுக்கு, வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்த நாட்களில் கிட்டத்தில் விழுந்த ஷெல்லால் இடது காது போய்விட்டது. வலது காதில் பாதிதான் மிச்சம். கட்டாரில் வேலை செய்த தங்கச்சி கொண்டுவந்து கொடுத்த மெலிந்த டீவியில் அவவுக்கு உதட்டசைவு தெரியுமே தவிரப் பேச்சு கேட்காது. சவுண்ட்பாரைப் போட்டுக் காட்டினேன். யோகன் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். "இது அவக்குக் கேக்கும் தம்பி" என்றார். விற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அவர் கண்ணைத் திறந்து, இதைவிட நல்லது பிறகு வருமா என்று கேட்டார். வரும், எப்போதும் ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: "அப்ப அது வரட்டும். மறுகா வாறன்."

பாரம் பார்த்தவர்கள்

பாரமான சாமானைத்தான் சனம் நல்ல சாமான் என்று நம்பும் என்று கொழும்பில் நடந்த பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். எங்கள் கடைக்கு வந்தவர்களும் எதையும் முதலில் தூக்கித்தான் பார்த்தார்கள். அயர்ன் பெட்டி, ரைஸ் குக்கர், சவுண்ட்பார் எல்லாவற்றையும் தூக்கினார்கள். நானும் விடாமல், "பாத்தீங்களா, எவ்வளவு பாரம்" என்பேன். அவர்கள் மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐந்து பெட்டி உள்ள பெரிய ஹோம் தியேட்டரைக் கரையோர ஊர்க்காரர் ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சவுண்ட்பாரிடம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார்கள். அப்போதும் அதைத் தூக்கினார்கள், வைத்தார்கள், போனார்கள்.

கடைசியில், கல்குடாவில் தையல் பழக்குகிற ஓர் அக்காவிடம் கேட்டே விட்டேன். அவ சவுண்ட்பாரை இடது கையால் இடுப்போடு அணைத்து, கடைக்குள்ளேயே கொஞ்சத் தூரம் நடந்து பார்த்துக்கொண்டிருந்தா. பாரம் கூடினால்தானே நல்லது அக்கா, ஏன் யோசிக்கிறீங்கள் என்றேன். அவ என்னைப் பாவமாகப் பார்த்தா. "நீங்க ஒருக்காவும் ஓடினதில்லையா தம்பி? ஒரு கையில பிள்ளையத் தூக்கினா மற்றக் கையில இது வருமா எண்டுதான் நாங்க பாக்கிறம்."

ஒரே வட்டைக்காரர்

கிரானில் இருந்து தம்பிப்பிள்ளை அண்ணன் வந்தார். நெற்செய்கைக்காரர். சவுண்ட்பாரைச் சுற்றிச் சுற்றி வந்தவர், இது யார் வீட்டில் ஓடுகிறது என்று கேட்டார். உங்கள் பக்கத்தில் இன்னும் ஒருவரும் வாங்கவில்லை, நீங்கள்தான் முதல் ஆள் என்றேன். அதை ஒரு பெருமையாகத்தான் சொன்னேன். அவர் அரை அடி பின்னால் போனார். புது இன நெல் வந்தால் அவர்களுடைய வட்டையில் ஒருவரும் முதல் போகத்தில் விதைக்க மாட்டார்களாம். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்தது. யாராவது ஒருவர் விதைக்க வேண்டும். கதிர் எப்படி வருகிறது என்று மற்றவர்கள் வரம்பில் நின்று பார்க்க வேண்டும். அடுத்த போகத்துக்குத்தான் அவர்கள் இறங்குவார்கள். சவுண்ட்பாருக்கும் அதே முறைதானாம்.

அடுத்த கிழமை அதே வட்டைக்காரர் ஒருவர் வந்தார். அவரும் சுற்றிப் பார்த்தார். "தம்பிப்பிள்ளை வந்தவராம், வாங்கிட்டாரா?" என்று கேட்டார். இல்லை, உங்களில் யாராவது வாங்கட்டும் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அந்த மனிதருக்குப் பெரிய நிம்மதி. "அப்ப சரி. அவர் என்னப் பாக்கட்டும், நான் அவரப் பாக்கிறன்."

கொழும்பில் இருந்து வந்தவர்

சாமான் அனுப்புகிற கம்பனியின் ஆள் ஒருவர் வான் வண்டியில் வந்து இறங்கினார். கழுத்துப் பட்டியும் வியர்வையுமாக நின்றுகொண்டு, வாற மாதம் புது மாடல் வருகிறது, வயர் இல்லாமலே பாடும், ஆனால் இப்போதைக்கு ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், பழையதை முதலில் தள்ளுங்கள் என்றார். எனக்கு அன்றிலிருந்து நித்திரை குறைந்தது. சொன்னால் முதலாளிக்கு நட்டம், சொல்லாவிட்டால் வாங்குகிறவருக்கு நட்டம். வயர் இல்லாவிட்டால் யாருக்கு என்ன லாபம் என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது.

யோகன் அண்ணன் மறுபடி வந்தபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படுவார் அல்லது மலைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருடைய முகம், வலையில் சிக்கிய முள்ளை எடுத்துவிட்டவரின் முகம் போலத் தெளிந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. அப்ப பொறுப்பம்" என்று சந்தோசமாகப் பஸ்ஸுக்குப் போனார். மனைவிக்குக் காது கேட்கவில்லை என்று வந்தவர், பொறுக்கச் சொன்னதும் ஏன் சந்தோசப்படுகிறார்? புது மாடல் வாற மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அவர் மட்டும் தவறாமல் வந்து, வந்துவிட்டதா என்று பயந்த முகத்தோடு கேட்பார். இல்லை என்றால் சிரிப்பார். லாபிர் காக்கா மேசையில் இருந்தபடி இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "வாற மாசச் சாமான விக்கிறதுக்கு இந்த மாசம் நாம என்னத்துக்கு மனே கடையத் தொறந்து வெச்சிரிக்கம்?"

செத்தவ எழும்பி வந்தது

ஒருநாள் பகலில் மலர் அக்கா தனியாக வந்தா. அதற்கு முன் நான் அவவைப் பார்த்ததில்லை. தலையை இடது பக்கம் திருப்பி வலது காதை எனக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அவர் சொல்ற அந்த நீட்டுப் பெட்டி எது?" என்று கேட்டதில் ஆளைத் தெரிந்தது. கடை டீவியில் ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. சவுண்ட்பாரை அந்த டீவியோடு கொழுவி, கதிரையைச் சரித்து, வலது காது அதற்கு நேரே வரும்படி அவவை இருத்தினேன். சத்தத்தைக் கூட்டவேண்டி வரும் என்று நினைத்தேன். கூட்ட வேண்டியிருக்கவில்லை, தெளிவாக வந்ததே போதுமாயிருந்தது.

அவ அசையாமல் இருந்து கேட்டா. பிறகு நெற்றி சுருங்கியது. வீட்டில் அவவுக்குப் பேச்சு கேட்காததால் யோகன் அண்ணன்தான் பக்கத்தில் இருந்து கதை சொல்வாராம். மனிதருக்கு நாடகம் பிடிக்காது. கெதியாக முடியட்டும் என்று, காதில் விழுந்தது பாதி, தானாகச் சேர்த்தது பாதியாகச் சொல்லியிருக்கிறார். திரையில் ஒரு மாமியார் மருமகளை நிற்கவைத்து வாய் ஓயாமல் ஏசிக்கொண்டிருந்தா. மலர் அக்கா அந்த மாமியாரை விரலால் காட்டினா. "இவ தைப்பொங்கலுக்கு முன்னமே செத்திட்டா எண்டு சொன்னவர். நான் அழுதும் போட்டன்."

வாங்கக் கூடாத ஆள்

அதற்குப் பிறகு யோகன் அண்ணன் வந்தபோது, உங்கள் மனைவி வந்து கேட்டுவிட்டுப் போனா, நன்றாகக் கேட்கிறது என்றா, நீங்கள் எதற்காகப் பொறுக்கிறீர்கள் என்று நேரே கேட்டேன். அவர் பஸ் நிற்கிற பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். சுனாமிக்குக் கொஞ்சம் முன்னர்தான் ஆசைப்பட்டு ஒரு ரேடியோ செட் வாங்கினாராம். கடல் வந்து வீட்டோடு எடுத்துக்கொண்டு போனது. பிறகு நிவாரணமாகத் தந்த வீட்டில் குடியேறி, கொஞ்சம் மூச்சு விட்டு, பற்றரியில் ஓடுகிற ஒரு சின்ன டீவி வாங்கினார். சண்டை வந்தது, ஊரே எழும்பி ஓடியது. திரும்பி வந்தபோது டீவி வைத்திருந்த பலகைகூட இல்லை.

இரண்டும் ஊருக்கே நடந்ததுதான், உங்களுக்கு மட்டுமில்லையே அண்ணன் என்றேன். அதுதானே பிரச்சினை என்றார். ஊர்க்காரர் முதலில் பகிடியாக, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்: யோகன் பாட்டுப்பெட்டி வாங்கினால் நாம் மூட்டை கட்ட வேண்டும். இப்போது பகிடியில்லை. கட்டார் டீவி தங்கச்சி தந்தது, இவர் வாங்கியதில்லை என்று தெரிந்த பிறகுதான் அயலவர்களுக்கு நித்திரை வந்ததாம். அவருக்கு அதில் நம்பிக்கையில்லையாம். ஆனால் வாங்கி, பிறகு ஏதாவது நடந்துவிட்டால் யாருடைய முகத்தைப் பார்ப்பது? அதனால்தான் புது மாடல் வராமல் இருக்கிற ஒவ்வொரு மாதமும் அவருக்கு அந்தப் பயம் ஒரு மாதம் தள்ளிப்போகிறது. வேலியில் நின்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே எனக்குச் சொல்லிக் காட்டினார்: "யோகன், நீ நல்ல மனிசன். ஆனா ஒண்டும் வாங்கிடாத. நாங்க இப்பதான் ஓடு போட்டிருக்கம்."

பில்லில் யாருடைய பெயர்

அடுத்த முறை இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். யோகன் அண்ணன் கடைக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே, வெயிலில் நின்றார். மலர் அக்கா மட்டும் உள்ளே வந்து, "அவர் வாங்கல்ல. நான் வாங்கிறன். பில்ல என்ர பேரில எழுதுங்க" என்றா. எழுதினேன். பெட்டியைத் தூக்குவதற்கு அவர் கை கொடுக்க வந்தார். "நீங்க தொட வேணாம், வீட்ட போனப்பிறகு தொடுங்க" என்று அவவே தூக்கினா. லாபிர் காக்கா, என்ன தங்கச்சி, உனக்குப் பயமில்லையா என்று கேட்டார். கேள்வி காதில் விழாதது போல அவ வலது காதைத் திருப்பி அதை இன்னொருமுறை வாங்கிக்கொண்டு சொன்னா: "நான் வாங்கி ஒருநாளும் ஊர் ஓடினதில்ல காக்கா. நான் ஒண்டும் வாங்கினதுமில்ல."

பனிச்சங்கேணியில் ஒரு பின்னேரம்

கொழுவிக் கொடுப்பதும் எங்கள் வேலைதான். அடுத்த நாள் பின்னேரம் போனேன். சவுண்ட்பாரை டீவிக்குக் கீழே வைத்து, மலர் அக்காவின் கதிரையை அளந்து திருப்பி வைத்தேன். அயலவர்கள் வேலியோடு நின்று பார்த்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. செய்தி ஓடியது. வாசிக்கிறவரின் ஒவ்வொரு சொல்லும் அந்தச் சின்ன வீட்டுக்குள் துப்புரவாக விழுந்தது. மலர் அக்கா கைகளை மடியில் வைத்து, பள்ளிப்பிள்ளை போல நிமிர்ந்து இருந்தா.

யோகன் அண்ணன்தான் இருப்புக்கொள்ளாமல் தவித்தார். எழும்பி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். அவ கூட்டினா. அவர் குறைத்தார். மறுபடி கூட்டினா. ஏன் குறைக்கிறீங்கள் என்று நான் கேட்டதற்கு, சத்தத்தில் கடல் கேட்கவில்லை என்றார். சுனாமிக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு காதாவது எப்போதும் கடல் பக்கம் இருக்க வேண்டும். அவவுடைய காது போன பிறகு அந்த வேலையும் அவருக்குத்தான். சவுண்ட்பாரின் புத்தகத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அவர் வாசல் வழியே கடல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு சத்தத்தைத் தானே கூட்டி, ரிமோட்டை அவவின் மடியில் வைத்தார். தன்னுடைய கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே, முகம் இருட்டுகிற கடலைப் பார்க்கும்படி போட்டு அதில் இருந்தார். அங்கிருந்து, அவவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "நீ உள்ளுக்குக் கேளு, புள்ள. நான் வெளிய கேக்கிறன்."

இப்போது வாங்குவதா பொறுப்பதா என்று இன்றைக்கும் யாராவது என்னைக் கேட்டால், எதற்காகப் பொறுக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அத்தோடு அவருடைய குழப்பம் ஒன்றிலிருந்து இரண்டாகிவிடுகிறது.